ஒரு கடையே போதும் என்று நினைப்பது தப்பா?

கேள்வி: திண்டுக்கல்லில் காபிக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 43. முன்பு ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். 2019-ல் வேலையை விட்டு, கையிலிருந்த சேமிப்பில் இந்தக் கடையை ஆரம்பித்தேன். கடன் இல்லை. மாதம் 400 கிலோ போகிறது, செலவெல்லாம் போக 54 ஆயிரம் நிற்கிறது. கணவர் பள்ளி ஆசிரியர், மகள் பிளஸ் டூ. காலையில் கொட்டை வறுக்கும் நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருகிறவர்களோடு பேசுவதும் பிடிக்கும். பாக்கி கேட்டு போன் செய்வதுதான் சுத்தமாகப் பிடிக்காது. பெங்களூருக்குக் குடிபோன சில வாடிக்கையாளர்களுக்கு கொரியரில் அனுப்புகிறேன். சென்னையிலிருக்கும் என் கொழுந்தன், 25 லட்சம் வங்கிக் கடன் வாங்கி மூன்று கிளை திறக்கலாம், மதுரை, திருச்சி சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு பாக்கெட் போட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு வருடமாகச் சொல்கிறார். ‘இப்படியே இருந்தா பெட்டிக்கடையாவே போயிடும் அண்ணி’ என்கிறார். எனக்கு இதுவே நிறைவாக இருக்கிறது. ஆனால் நிறைவு என்ற பெயரில் சோம்பேறித்தனத்தை மறைக்கிறேனோ என்று சந்தேகம் வருகிறது. மாதக் கணக்கை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

காலை ஏழு மணிக்குக் கடை திறந்து, தானே வறுத்து, அரைத்து, எடை போட்டு, இரவு எட்டு மணிக்குக் கல்லாவை எண்ணி முடிக்கிறவர் தன்னைச் சோம்பேறியோ என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அந்தச் சந்தேகத்தை இப்போதே தூக்கிப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கொழுந்தனாரின் திட்டம் கணக்குக்கு ஒத்துவருமா என்பது ஒன்று. இப்போதிருக்கும் இந்தச் சின்னக் கடை, நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பத்திரமாக இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு பதில் சுலபம். இரண்டாவதில்தான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளப் போகிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மில்லில் கணக்குப் பார்த்த கை என்பது தெரிகிறது, சுத்தமாக இருக்கிறது. 400 கிலோ, சராசரி விலை கிலோ 720, ஆக விற்பனை 2,88,000. பச்சைக் கொட்டைக்கும் சிக்கரிக்கும் சேர்த்து 1,94,000. மிச்சம் 94,000. வாடகை, உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம், கரண்டு, கேஸ், பை, சில்லறைச் செலவு எல்லாம் 40,000. கையில் 54,000. அதாவது சரக்கு விலை போக ஒரு கிலோவுக்கு உங்களுக்கு நிற்பது 235 ரூபாய்.

இப்போது 25 லட்சம் கடன். 11 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்தால் மாதம் கட்ட வேண்டியது 54,356 ரூபாய். நீங்கள் இன்று வீட்டுக்குக் கொண்டுபோகும் முழுத் தொகையும் அதுவேதான். சரி, கூடுதலாக விற்று அதைக் கட்டலாம் என்பார் கொழுந்தனார். சூப்பர் மார்க்கெட்டுக்கு 20 சதவீதம் கமிஷன் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம், பல இடங்களில் இதற்கு மேலேயே கேட்பார்கள். கிலோவுக்கு 144 ரூபாய் அதிலேயே போய்விடும். 235-ல் மிஞ்சுவது 91. தவணையை மட்டும் கட்டவே மாதம் கிட்டத்தட்ட 600 கிலோ கூடுதலாக விற்க வேண்டும். கிளைகளின் வாடகை, ஆள் சம்பளம், வேன், திரும்பி வரும் சரக்கு, ஜிஎஸ்டி எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. இன்று விற்பதைப் போல் இரண்டரை மடங்கு விற்றால், இன்று சம்பாதிக்கிற அதே 54 ஆயிரத்தைச் சம்பாதிக்கலாம். இதுதான் திட்டம். அகலக்கால் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பணத்தைத் தள்ளிவைத்துவிட்டு சரக்கைப் பாருங்கள். பெரிய கம்பெனிகளின் பாக்கெட் மளிகைக் கடைக்குக் கடை தொங்கும்போது, உங்கள் கடைக்கு ஏன் ஆள் வருகிறது? நாளைக்குப் பதினைந்து கிலோ பச்சைக் கொட்டை வறுக்கிறீர்கள். வறுத்ததில் பெரும்பகுதி ஓரிரு நாளில் அரைந்து போய்விடுகிறது. காபித்தூளின் மணம் அரைத்த நிமிடத்திலிருந்தே குறைய ஆரம்பிக்கும். நேற்று வறுத்து இன்று அரைத்த தூளில் இறங்கும் டிகாக்ஷனை, மூன்று மாதம் அலமாரியில் நின்ற பாக்கெட்டால் ஈடுகட்ட முடியாது. அப்புறம், புதிதாக வறுத்த கொட்டை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினால் பை உப்பிவிடும். ஒருவழி வால்வு வைத்த பை வாங்க வேண்டும், அல்லது தூளைச் சில நாள் ஆறப்போட்டு மணத்தை விட்டுவிட்டுப் பிறகு அடைக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனால் உங்கள் கடையின் ஒரே பலத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். உள்ளே போனபின் உங்கள் பாக்கெட்டுக்கும் பக்கத்துப் பாக்கெட்டுக்கும் விலையில் மட்டும்தான் சண்டை. அந்தச் சண்டையில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள்.

விலையைப் பற்றி ஒன்று. பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததில் 2024-ல் காபி விலை ஏற ஆரம்பித்து, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அந்தச் சூடு பட்டிவீரன்பட்டி வியாபாரி சொல்லும் விலையிலும் உங்களைத் தொட்டிருக்கும். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கரும்பலகையில் பழைய விலையை அழித்துப் புது விலையை எழுதியிருப்பீர்கள், கேட்டவர்களிடம் காரணம் சொல்லியிருப்பீர்கள். சிலர் 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி என்ற 80:20 கலவையிலிருந்து 70:30-க்கு மாறியிருப்பார்கள், அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டுக்கு விலைப்பட்டியல் கொடுத்து ஒப்பந்தம் போட்டவர் அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. புது விலைக்கு அவர்கள் தலையாட்டும் வரை நஷ்டத்துக்கு சப்ளை செய்ய வேண்டும். சின்னக் கடையின் லாபம் ரூபாயில் மட்டும் இருப்பதில்லை. சட்டென்று திரும்ப முடிவதும் லாபம்தான்.

இதெல்லாம் கொழுந்தனாருக்கான பதில். உங்களுக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வறுப்பது பிடிக்கும், பேசுவது பிடிக்கும், பாக்கி வசூல் பிடிக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று கிளை வந்தபின் யார் வறுப்பார்கள்? சம்பளத்துக்கு வைத்த ஆள் வறுப்பார். வாடிக்கையாளரிடம் யார் பேசுவார்கள்? கிளையில் இருக்கும் பையன் பேசுவான். நீங்கள் என்ன செய்வீர்கள்? சூப்பர் மார்க்கெட் கொள்முதல் அதிகாரிக்கு போன் போட்டு, ‘சார், பிப்ரவரி பில் இன்னும் வரலை’ என்பீர்கள். பிடித்த இரண்டு வேலையையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பிடிக்காத ஒன்றை மட்டும் முழுநேரமாகச் செய்யத்தான் 25 லட்சம் கடன். தொழிலைப் பெரிதாக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வருமானம் கூடுவதைச் சொல்வார்கள். செய்கிற வேலையே வேறாகிவிடும் என்பதைச் சொல்வதில்லை. ஆடிட்டர் தொழிலில் என் மேஜைக்கு வரும் கணக்குகளில், விற்பனை பல மடங்கு ஏறியும் முதலாளியின் முகம் தொங்கிப்போன கதைகள் நிறைய. அவர்களில் சிலருக்குத் தொழில் நஷ்டமே இல்லை. நல்ல சமையல்காரர், நல்ல தையல்காரர், நல்ல தச்சர் என்று ஆரம்பித்தவர்கள். இப்போது ஆள் பிடிப்பதும் லீவு கொடுப்பதும் ஜிஎஸ்டி தேதி பார்ப்பதுமாக இருக்கிறார்கள். அந்த வேலையை ரசித்துச் செய்கிறவர்களும் உண்டு, அவர்கள் வளரட்டும். உங்கள் கடிதத்தில் அந்த ருசி எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு சோதனை வைக்கிறேன். வட்டி இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம் என்று யாரோ 25 லட்சத்தைக் கையில் கொடுத்தால் மூன்று கிளை திறப்பீர்களா? ‘திறப்பேன்’ என்று மனசு சொன்னால், உங்களைத் தடுப்பது நிறைவு இல்லை, கடன் பயம். அதற்கு வேறு வழி உண்டு. சொந்தக் காசில் மெதுவாக, முதலில் நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரே ஒரு கவுன்டர் போட்டுப் பார்க்கலாம். ‘அப்போதும் வேண்டாம், வறுக்க நல்ல மெஷின் ஒன்று வாங்குவேன், மீதியை மகள் படிப்புக்கு வைப்பேன்’ என்று சொன்னால், உங்களுக்கு இந்த அளவு பொருந்துகிறது. யாரிடமும் அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இனி கடிந்துகொள்ளும் பகுதி.

54 ஆயிரம் ‘நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே நிற்கிறது? அதில் உங்கள் சம்பளம் எது, கடையின் லாபம் எது? உங்கள் தாளில் உதவிப் பெண்ணுக்குச் சம்பளம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. மில்லில் இருந்தவரை பி.எஃப். தானாகப் பிடித்தார்கள். கடைக்கு வந்தபின் உங்களுக்காகப் பிடிக்க யாரும் இல்லை, நீங்களும் பிடிக்கவில்லை. மெஷின் தேய்மானம் என்று ஒரு வரி கூட இல்லை. அரைவை மெஷினின் தட்டு தேயும், டிரம் மோட்டார் ஒருநாள் நிற்கும். அன்று கல்லாவிலிருந்து எடுப்பீர்கள், அந்த மாதம் வீட்டுச் செலவு இடிக்கும். ‘கொழுந்தன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ’ என்ற எண்ணம் வரும் நாள் அதுதான். உங்கள் நிறைவு எளிதில் ஆட்டம் காண்பதற்குக் காரணம் இந்த ஓட்டைதான் என்று நான் நினைக்கிறேன். கடை சிறியதாக இருப்பது காரணம் இல்லை.

ஆகவே 54 ஆயிரத்தை இப்படிப் பிரியுங்கள். 25 ஆயிரம் உங்கள் சம்பளம். மாதம் ஒன்றாம் தேதி கடைக் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், வீட்டுக்கு அதிலிருந்து மட்டும் எடுங்கள். 8 ஆயிரம் உங்கள் முதுமைக்கு. பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், 8 ஆயிரம் அதற்குள் வசதியாக அடங்கும். என்.பி.எஸ். என்ற ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. 5 ஆயிரம் மெஷினுக்கு, அதைத் தொடவே கூடாது. மீதி 16 ஆயிரம்தான் கடையின் உண்மையான லாபம். இதைக் கொள்முதல் நிதியாகச் சேருங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் அராபிகா அறுவடை குளிர்காலத்தில். புதுச் சரக்கு வரும் நேரத்தில் கையில் ரொக்கம் இருந்தால், இரண்டு மூன்று மாதத்துக்கான கொட்டையைப் பேசி வாங்க முடியும். பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். வறுத்ததுதான் தாங்காது. கடைக்கு இரண்டு வருடத்தில் வரக்கூடிய பெரிய வளர்ச்சி இதுவாகத்தான் இருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது.

மாதம் 25 ஆயிரத்தை உங்கள் வருமானம் என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்தால் முதலில் குறைந்ததுபோல் இருக்கும். மகளின் கல்லூரிச் செலவு வரும்போது போதவில்லை என்றால், அது உண்மையான தகவல். அப்போது செய்ய வேண்டியது கிளை திறப்பதல்ல. விலையைப் பாருங்கள். கிலோவுக்கு 20 ரூபாய் ஏற்றினால் இதே 400 கிலோவில் மாதம் 8 ஆயிரம் கூடுகிறது, ஒரு கொட்டை கூட அதிகம் வறுக்காமல். சின்னக் கடைக்காரர்கள் விலை ஏற்ற ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சனிக்கிழமை தவறாமல் கால் கிலோ வாங்கும் பெரியவர் 5 ரூபாய்க்காக வேறு கடை தேடமாட்டார். அவருடைய பித்தளை பில்டருக்கு எவ்வளவு கரகரப்பாக அரைக்க வேண்டும் என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

பாக்கி விஷயத்துக்கு வருவோம். உங்கள் பாக்கியெல்லாம் இரண்டு மெஸ், ஒரு கல்யாண சமையல்காரர் என்று தாளில் தெரிகிறது. சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? அரசின் இணையதளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். நீங்கள் கொட்டையை வறுத்து அரைப்பதால் உற்பத்தியாளர் என்ற வகையில் வருவீர்கள். சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. வாங்கியவர் வருமான வரிக் கணக்கு எழுதுகிற தொழில் நிறுவனமாக இருந்தால், நேரத்துக்குத் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டவும் முடியாது. ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், மெஸ்காரரிடம் சட்டம் பேசினால் அடுத்த வாரம் அவர் வேறு கடைக்குப் போவார். இருந்தும் பதிவு செய்யுங்கள், பின்னாளில் வங்கிக்குப் போனாலும் உதவும். நடைமுறையில் நான் சொல்வது: மெஸ்களுக்கு வாரக் கணக்கு, போன வாரத்துக் காசு வந்தபின் இந்த வாரத்துத் தூள். இதை நீங்கள் போனில் கேட்க வேண்டாம். பில்லின் அடியில் அச்சடித்துவிடுங்கள், உதவிப் பெண் கேட்கட்டும். தனக்கு வரவேண்டிய காசைக் கேட்கும்போது நமக்கு வரும் கூச்சம் அடுத்தவருக்காகக் கேட்கும்போது வருவதில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்டபின் எத்தனை நேரத்தில் இறக்குவது, எவ்வளவு வேகமாக ஆற்றுவது என்பது உங்கள் காதிலும் மூக்கிலும் மட்டும் இருக்கிறது. உங்களுக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்தால் கடைக்குப் பூட்டு. வாரத்தில் ஒரு நாள் அவர் வறுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதல் சில முறை கருகும், கருகட்டும். ஒரு ஈடு கருகினால் போகும் காசு, பத்து நாள் கடை மூடுவதைவிடக் குறைவு. கற்றுக்கொண்டபின் சம்பளமும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கற்ற வேலையோடு வேறு கடைக்குப் போய்விடுவார். அப்போது குறை சொல்ல நமக்கு நியாயம் இருக்காது. பிடித்த வேலையைப் பங்கு போடுகிறோமே என்று தயங்காதீர்கள். வாரத்தில் மற்ற நாளெல்லாம் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. ஞாயிறு மதியம் மட்டும் விடுமுறை என்றிருப்பதை முழு ஞாயிறாக மாற்றவும் இது உதவும்.

சட்டம் சம்பந்தமாக இரண்டு விஷயம், ஒன்று அவசரம்.

சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முன்கூட்டியே பாக்கெட் போட்டு வைத்தால், எத்தனை சதவீதம் காபி, எத்தனை சதவீதம் சிக்கரி என்று பையில் போட்டிருக்க வேண்டும். பலகையில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்தான், பாக்கெட்டுக்கு அது போதாது.

அவசரமானது ஜிஎஸ்டி. உங்கள் வருட விற்பனை 34 லட்சத்து 56 ஆயிரம் வருகிறது. சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்ற தைரியத்தில் இருக்கிறீர்கள். அந்த விலக்கு மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு மட்டும்தான். பெங்களூருக்குக் கொரியரில் போகும் அரைக் கிலோ வெளிமாநில விற்பனை. அதற்கு எல்லைத் தொகை எதுவும் கிடையாது, முதல் பாக்கெட்டிலேயே பதிவு கட்டாயமாகிவிடும். தவிர, விற்பனை கூடாமலே, சராசரி விலை கிலோ 835-ஐத் தொட்டால் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டிவிடும். காபி விலை போகும் போக்கில் அது தூரத்தில் இல்லை. மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், ஒன்றரைக் கோடி வரையிலான சிறு வியாபாரிகளுக்கு விற்பனையில் ஒரு சதவீதம் கட்டும் காம்போசிஷன் முறை இருக்கிறது, கணக்கு வேலையும் குறைவு. வெளிமாநிலம் அனுப்பினால் அதில் சேர முடியாது. அந்தச் சில பாக்கெட்டுகளுக்காக தொடர்ந்து ரிட்டர்ன் போடத் தயாரா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பார்சலையே விட்டுவிடலாம் என்பேன். பழைய வாடிக்கையாளர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வருமான வரி பெரிய கவலை இல்லை. வருடத்துக்கு ஆறரை லட்சம் வருமானத்துக்கு, 2025-26 முதல் உள்ள புதிய முறையில் வரி வராது. ரிட்டர்ன் மட்டும் தவறாமல் தாக்கல் செய்யுங்கள், மகளுக்குக் கல்விக் கடன் கேட்கும்போது கேட்பார்கள்.

கொழுந்தனாரிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம், அக்கறையில்தான் சொல்கிறார். அடுத்த முறை வரும்போது மேலே சொன்ன தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து யார் போடுவது, அடமானத்துக்கு யார் வீடு, திருச்சிக் கிளையைக் காலையில் ஏழு மணிக்கு யார் திறப்பது. மூன்றுக்கும் ‘நான்’ என்று அவர் பதில் சொன்னால், அவர் சொந்தமாக ஆரம்பிக்கட்டும். தூளை நீங்கள் மொத்த விலைக்கு, ரொக்கத்துக்குக் கொடுங்கள். பெங்களூர் பார்சலை மட்டும் அவர் வரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே நிறுத்திவிட்டு, உங்கள் ஊர் ஆடிட்டரைப் பார்த்து இதுவரை அனுப்பியதற்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.